பாக்கிலிருந்து பிறந்த குளிசையும் ஒன்பது வயதுப் பிள்ளையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதியச் சாப்பாட்டுக்கு எழும்பப் போன நேரம், சிறுவர் விடுதி வைத்தியர் மருந்தக யன்னலுக்குள்ளால் ஒரு குளிசை அட்டையை நீட்டினார். "இது என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ, கெதியா. ஒரு பிள்ளைக்கு வீட்டில குடுத்திருக்கினம்."

அட்டையில் தியாகாபின் 5 மி.கி என்று இருந்தது. வன்னியில் பல வருடமாக மருந்தாளராக வேலை செய்கிறேன். இந்த மருந்தைப் பாடத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். கையில் பிடித்தது அன்றுதான் முதல் தடவை. படித்ததில் ஒரு வரி மட்டும் உடனே ஞாபகம் வந்தது: இந்த மருந்து ஒரு வகை வலிப்பை அடக்கும், இன்னொரு வகையைக் கிளப்பிவிடும். வைத்தியரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக்கு என்ன மாதிரி வலிப்பு?"

"வலிப்பெண்டே ஒருத்தரும் இதுவரைக்கும் சொல்லேல்லை" என்றார் அவர்.

இதைத் தாயின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே தேவையில்லை.

பிள்ளையின் கதை

பிள்ளைக்கு ஒன்பது வயது. நாலாம் ஆண்டு படிக்கிறாள். நிறை 24 கிலோ. பிறந்ததிலும் வளர்ந்ததிலும் குறையில்லை, தலையில் அடிபட்டதில்லை, காய்ச்சல் வலிப்பு வந்ததில்லை. இரணைமடுக் குளத்து நீரில் சிறுபோகம் செய்யும் குடும்பம். தகப்பனும் தாயும் அந்த நாட்களில் அறுவடையில் நின்றார்கள். பிள்ளை பெரும்பாலும் அம்மம்மாவோடுதான்.

ஒரு வருடமாக ரீச்சரிடமிருந்து ஒரே முறைப்பாடு: "படிப்பில கவனமில்லை, பராக்குப் பாக்கிறாள்." வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கை அந்தரத்தில் நிற்கும், கண் ஒரு இடத்தில் குத்தி நிற்கும், இமை மெல்லத் துடிக்கும். பத்துச் செக்கன் கழித்து ஒன்றும் நடக்காததுபோலச் சோற்றை வாயில் வைப்பாள். கூப்பிட்டது கேட்டதா என்றால் கேட்கவில்லை என்பாள். விழுந்ததில்லை, நுரை தள்ளியதில்லை, கைகால் இழுத்ததில்லை. அதனால் வலிப்பு என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. அம்மம்மா கண்ணூறு கழித்தார், கோயிலில் நூல் கட்டினார். தகப்பன் கண்டித்தார்.

பிறகு தாய் கொண்டுவந்து காட்டிய சொல்வதெழுதுதல் கொப்பியை நான் மறக்கமாட்டேன். அழகான கையெழுத்து. ஒவ்வொரு பந்தியிலும் நடுவில் இரண்டு மூன்று சொற்களைக் காணவில்லை. அதற்குப் பிறகு வசனம் சரியாகத் தொடர்கிறது. சொல்லத் தெரியாமல் விட்ட இடங்கள் அல்ல அவை, அவள் அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் போன இடங்கள். சிவப்புப் பேனையால் அவற்றுக்குக் கீழே "கவனயீனம்" என்று எழுதப்பட்டிருந்தது. ரீச்சரை நான் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பத்துச் செக்கன் மௌனத்தை யார் கண்டுபிடிப்பது?

கண்டுபிடித்தவர் லண்டனிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த சித்தப்பா. அவருக்கே பதினைந்து வருடமாக வலிப்பு உண்டு. மூளையின் ஒரு பகுதியில் தொடங்குகிற, குவிய வலிப்பு என்று சொல்லும் வகை. கார்பமாஸெபினும் தியாகாபினும் சேர்த்து எடுத்துச் சுகமாக இருக்கிறார். பிள்ளையை இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இது பராக்கில்லை அண்ணி, இது வலிப்பு" என்று சொன்னார். ஒரு வருடமாக ஊரில் ஒருவருக்கும் பிடிபடாததை அவர் சரியாகப் பிடித்தார். ஆனால் விமானம் ஏறும்போது, தன் மருந்தில் மேலதிகமாக இருந்த அட்டைகளையும் கொடுத்துவிட்டுப் போனார். "எனக்குச் சுகம் தந்த மருந்து. இரவில ஒண்டு குடுங்கோ. பிறகு காலமையும் ஒண்டு." இப்படி மருந்து அனுப்புவதும் கொடுப்பதும் எங்கள் பக்கத்தில் பாசத்தின் ஒரு வடிவம். பிரஷர் குளிசை, சீனி வருத்தக் குளிசை, முழங்கால் நோவுக்கு என்று பெயரே தெரியாத குளிசை என எல்லாவற்றையும் நான் யன்னலில் பார்த்திருக்கிறேன்.

மூன்று நாள் இரவில் ஒன்று கொடுத்தார்கள். நாலாம் நாளிலிருந்து காலையும் இரவும். ஆறாம் நாள் விடிய பிள்ளை எழும்பினாள், ஆனால் எழும்பவில்லை என்றுதான் தாய் சொன்னார். நடந்தாள், ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டாள், கேட்டதற்கு நெடுநேரம் கழித்து ஒரு சொல் சொன்னாள், அதுவும் பொருந்தாத சொல். வாயோரம் எச்சில் வழிந்தது. மருந்து மயக்கம் என்று நினைத்துப் படுக்கவைத்தார்கள். காலைக் குளிசையையும் கொடுத்தார்கள். பதினொரு மணிக்கும் அப்படியே இருக்க, ஓட்டோ பிடித்து வந்தார்கள்.

விடுதியில் பார்த்தபோது காய்ச்சல் இல்லை, கழுத்து இறுக்கம் இல்லை, குருதிச் சீனி சரி. எங்கள் பக்கத்தில் குழம்பிப்போன பிள்ளை வந்தால் முன்பெல்லாம் முதலில் மலேரியாவுக்குத்தான் இரத்தம் எடுப்போம். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்த பிறகு அந்தப் பயம் குறைந்துவிட்டது. பிறகுதான் தாய் சேலைத் தலைப்பிலிருந்து குளிசை அட்டையை எடுத்துக் காட்டினார்.

தீர்ப்பும் சிகிச்சையும்

மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி கருவி அங்கே இல்லை. ஆனால் கதை முழுவதும் ஒரு பக்கமே காட்டியது: பிள்ளைக்கு ஏற்கெனவே இருந்தது, சில செக்கன் நினைவு மட்டும் நின்று திரும்பும் வெற்றுப்பார்வை வலிப்பு, தியாகாபின் அதை இடைவிடாத நிலைக்குத் தள்ளியிருக்கிறது. கைகால் இழுக்காத, மணிக்கணக்கில் நீளுகிற வலிப்பு. பார்ப்பவருக்கு அது தூக்கம் போலவோ மந்தம் போலவோ தெரியும். வைத்தியர் ஒட்சிசனும் மூச்சுக்கு உதவும் கருவியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டயஸெபாம் 5 மி.கி நாளத்தில் மெதுவாக ஏற்றினார். சில நிமிடத்தில் இமைத் துடிப்பு நின்றது. பிள்ளை கண்ணைச் சுழற்றித் தாயைத் தேடி, "அம்மா, பசிக்குது" என்றாள். விடுதியில் நின்ற எல்லாருக்கும் மூச்சு வந்தது அப்போதுதான். தியாகாபினை அன்றே முழுதாக நிறுத்தினார்கள். வழமையாக வலிப்பு மருந்தைப் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். இங்கே ஆறு நாள் மட்டுமே எடுத்த மருந்து, அதுவே தீங்கின் காரணமும்கூட.

அடுத்த கிழமை ஈ.ஈ.ஜி வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மூன்று நிமிடம் ஆழமாக மூச்செடுத்து விடச் சொன்னபோது, செக்கனுக்கு 3 தடவை என்ற ஒழுங்கில் கூரும் அலையும் மாறிமாறி, மூளையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடின. அந்த நேரம் அவள் கண் குத்தி நின்றது. சந்தேகத்துக்கு இடமில்லை.

ஏன் இப்படி நடந்தது?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். மூளையை அமைதிப்படுத்தும் பொருளைக் கூட்டுவதற்கென்றே வடிவமைத்த மருந்து, ஒரு பிள்ளையின் வலிப்பை எப்படி இடைவிடாத வலிப்பாக்கும்? அதே அமைதிப் பொருளின் வேலையைக் கூட்டுகிற டயஸெபாம் எப்படி அதை நிறுத்தும்?

அந்தப் பொருளின் பெயர் காபா. மூளையில் அது இருப்பது 1950இல் தெரியவந்தது. ஒரு நரம்புக் கலம் காபாவை விடுவித்தால், அடுத்த கலம் தூண்டப்படாமல் அடங்கும். வேலை முடிந்ததும் காபா அங்கேயே கிடக்கக்கூடாது. நரம்பு முனையிலும் அருகிலுள்ள துணைக்கலங்களிலும் இருக்கும் கடத்திப் புரதங்கள் அதைத் திரும்ப உள்ளே இழுக்கும். இவற்றில் முக்கியமானது காட்-1. ஒரு காபா மூலக்கூறோடு இரண்டு சோடியம் அயனையும் ஒரு குளோரைட்டு அயனையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். வலிப்பு என்பது பெரும்பாலும் தூண்டலுக்கும் அடக்கலுக்கும் இடையிலான சமநிலை குலைவதுதானே. அப்படியானால் காபாவைக் கூட்டினால் என்ன? காபாவைக் குளிசையாக விழுங்கிப் பயனில்லை, குருதியிலிருந்து மூளைக்குள் அது போகாது. மூளைக்குள் காபாவை உடைக்கிற நொதியைத் தடுப்பது ஒரு வழி. விகாபட்ரின் அப்படித்தான் வேலை செய்கிறது, ஆனால் பார்வைப் புலத்தை நிரந்தரமாகக் குறுக்கிவிடக்கூடிய ஆபத்து அதில் உண்டு. மற்ற வழி, காட்-1இன் வாயை அடைப்பது.

அதற்கான முதல் சாவி வந்தது பாக்கிலிருந்து. அம்மம்மா விடுதியில் கட்டிலடியில் வெற்றிலைப் பையோடு இருந்தபோது இதை அவருக்குச் சொன்னேன், நம்பவே இல்லை. பாக்கில் அரிக்கோலின், குவாக்கோலின் என்ற காரப்பொருட்கள் உண்டு. சுண்ணாம்போடு சேர்த்துச் சப்பும்போது அவை அரிக்கைடின், குவாசின் என்று மாறும். 1975இல் கிரகாம் ஜோன்ஸ்டனும் போவ்ல் குரொக்ஸ்கோ-லார்சனும் சக ஆய்வாளரும் இந்த இரண்டும் காபாவின் மீள் உள்ளெடுப்பைத் தடுப்பதைக் காட்டினார்கள். குவாசினின் வளையத்தில் இருக்கும் ஒரு இரட்டைப் பிணைப்பை நீக்கினால் கிடைப்பது நிப்பெக்கோட்டிக் அமிலம், அது இன்னும் நல்ல தடுப்பான். காபாவின் நெகிழ்ந்த சங்கிலியை வளையமாக வளைத்து நிறுத்தியதுபோன்ற உருவம் அதற்கு. கடத்தி ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் பழைய சிக்கல் விடவில்லை. ஒரு முனையில் நேர் ஏற்றமும் மறு முனையில் எதிர் ஏற்றமும் உள்ள அந்த மூலக்கூறு, குருதிக்கும் மூளைக்கும் இடையில் இருக்கும் கொழுப்பு வேலியைத் தாண்டாது. போதாததற்குக் கடத்தி அதையும் காபாவைப்போல உள்ளே அள்ளிப் போட்டுவிடும், வாய் அடைபடாது. 1980களில் ஸ்மித் கிளைன் அன்ட் ஃபிரெஞ்ச் ஆய்வாளர்கள் செய்த காரியம் எனக்கு இன்றும் வியப்பு. நிப்பெக்கோட்டிக் அமிலத்தின் நைதரசனில், இரண்டு பென்சீன் வளையம் தொங்கும் ஒரு எண்ணெய்த்தன்மையான வாலைக் கட்டிவிட்டார்கள். இரண்டு சிக்கலும் ஒரே முடிச்சில் தீர்ந்தன. வாலின் உதவியால் மூலக்கூறு கொழுப்பு வேலிக்குள்ளால் நுழையும். அந்த வாலாலேயே கடத்தியின் வாய்க்குள் சிக்கி நிற்கும், உள்ளே போகாது. பிறகு டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க், பென்சீன் வளையங்களுக்குப் பதிலாக மீதைல் சேர்ந்த கந்தக வளையங்களை வைத்து, ஆடிப்பிம்ப வடிவங்களில் வீரியம் கூடிய ஆர் வடிவத்தை மட்டும் எடுத்தது. அதுதான் தியாகாபின். 1997இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, குவிய வலிப்புக்கு, வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுக்க, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. 2022இல் உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எடுத்த படத்தில், தியாகாபின் காட்-1ஐ உட்பக்கம் திறந்த நிலையிலேயே பூட்டி வைத்திருப்பது தெரிந்தது.

சரி, மருந்து தன் வேலையைச் சுத்தமாகச் செய்கிறது. பிழை எங்கே?

தாய்க்கு நான் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். வயலில் தண்ணீர் போதாமல் நெல் வாடுகிறது. வாய்க்காலைப் பெருப்பிக்க முடியாது, அதனால் வடிகாலை அடைக்கிறோம். தண்ணீர் நிற்கிறது, நெல் நிமிர்கிறது. சித்தப்பாவின் மூளையில் நடந்தது அதுதான். ஆனால் அடைத்த தண்ணீர் வரம்பு தாண்டிப் பக்கத்துக் காணிக்கும் போகும். அங்கே நிற்பது கச்சான். வேரோடு அழுகும். தாய் உடனே கேட்டார்: "அப்ப என்ர பிள்ளையின்ர மூளை கச்சான் காணியோ மிஸ்?" நான் சிரித்தேன், ஆனால் அவர் சரியாகத்தான் பிடித்திருந்தார்.

வெற்றுப்பார்வை வலிப்பு, மூளைப் புறணிக்கும் நடுவில் இருக்கும் தலமசுக்கும் இடையிலான ஒரு சுற்றில் பிறக்கிறது. தலமசுக் கலங்களில் டி வகைக் கல்சிய வாயில்கள் உண்டு. கலம் சாதாரண நிலையில் இருந்தால் அவை பூட்டுப்பட்டுக் கிடக்கும். கலம் அளவுக்கு மீறி அடக்கப்பட்டால்தான் பூட்டுக் கழரும். பிறகு சின்ன ஒரு தூண்டல் போதும், வெடிவெடியாகச் சமிக்ஞை கிளம்பும். அதாவது இந்தக் கலங்களுக்கு அடக்கம் கூடுவதுதான் வெடிப்புக்கான ஆயத்தம். காபாவைப் பிடித்து அதற்குப் பதில் காட்டும் புரதங்களை ஏற்பிகள் என்போம். நெடுநேரம் தேங்கும் காபா, இரண்டு கலங்கள் சந்திக்கும் நரம்பிணைப்புக்கு வெளியே இருக்கும் ஏற்பிகளையும், காபா-பி என்ற இன்னொரு வகை ஏற்பிகளையும் போய்த் தொடும். கலங்கள் ஆழமாக அடங்கும், கல்சிய வாயில்களின் பூட்டு எல்லாம் ஒன்றாகக் கழரும், செக்கனுக்கு 3 என்ற தாளம் நிற்காமல் ஓடும். 2009இல் வெளியான ஒரு ஆய்வு, வெற்றுப்பார்வை வலிப்பு உள்ள எலிகளில் தலமசின் துணைக்கலங்களிலுள்ள காட்-1 ஏற்கெனவே பழுதாகியிருப்பதைக் காட்டியது. 2015இல் இன்னும் நேரடியான சாட்சி வந்தது. காட்-1ஐ ஆக்கும் மரபணுவில் பழுதோடு பிறந்த பிள்ளைகளுக்கே வெற்றுப்பார்வை உட்பட்ட வலிப்புகள் வருகின்றன. ஒரு குளிசை ஆறு நாளில் செய்ததை அவர்களுக்குப் பிறவியே செய்துவிடுகிறது.

டயஸெபாம் ஏன் காப்பாற்றியது? அது காபாவைத் தேக்குவதில்லை. நரம்பிணைப்புக்குள் இருக்கும் குறிப்பிட்ட ஏற்பிகள் காபாவுக்குக் காட்டும் பதிலை மட்டும் பலப்படுத்துகிறது. தலமசைச் சுற்றி ஒரு உறைபோல இருக்கும் வலைக்கருவில் அப்படியான ஏற்பிகள் நிறைய. அந்தக் கலங்கள் ஒன்றையொன்று அடக்க, அவை ஒரே தாளத்தில் சேர்வது உடைகிறது. தலமசின் நரம்பிணைப்புக்கு வெளியே இருக்கும் ஏற்பிகள் டயஸெபாமைக் கண்டுகொள்வதில்லை. இரண்டு மருந்தும் காபாவின் ஆட்கள்தான், ஆனால் ஒன்று முழு வயலையும் நனைக்கிறது, மற்றது வேண்டிய பாத்திக்கு மட்டும் இறைக்கிறது.

அளவிலும் ஒரு பொறி இருந்தது. சித்தப்பா எடுக்கும் கார்பமாஸெபின் ஈரலின் நொதிகளைக் கிளறிவிடும், அதனால் அவர் உடம்பில் தியாகாபினின் அரைவாழ்வு, அதாவது குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 2 முதல் 5 மணிதான். அந்த உதவி இல்லாதவரில் அது 7 முதல் 9 மணி. அவருக்கு லேசான அளவு பிள்ளைக்கு லேசானதல்ல. வலிப்பு நோயே இல்லாதவர்களுக்கு வேறு காரணங்களுக்காகத் தியாகாபின் கொடுத்தபோது வலிப்பு வந்ததாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்ததும் இதோடு சேரும். சித்தப்பாவின் மற்றக் குளிசையைக் கொடுத்திருந்தாலும் தப்பியிருக்கமாட்டோம், கார்பமாஸெபினும் வெற்றுப்பார்வை வலிப்பைக் கூட்டும்.

பிறகு

நரம்பியல் வைத்தியர் எதோசக்சிமைட் பாணி எழுதினார். பழைய மருந்து, ஆனால் அந்த டி வகைக் கல்சிய வாயில்களையே அடைக்கிறது. 2010இல் வெளியான 453 பிள்ளைகளின் சோதனையில் அதுவும் வல்புரோயிக் அமிலமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வலிப்பை அடக்கின, லமோட்ரிஜின் பின்தங்கியது. கவனச் சிதறல் எதோசக்சிமைட்டில் குறைவு. பெண் பிள்ளை என்பதும் கணக்கில் இருந்தது. வல்புரோயிக் அமிலம் பின்னாளில் கருவுக்குத் தீங்கு செய்யும், தொடங்கிவிட்டால் மாற்றுவது சிரமம். பாணியைத் தேடி எடுக்கச் சில நாள் அலைந்தோம். முதல் இரண்டு கிழமை வயிற்றுப் புரட்டல் இருந்தது, சாப்பாட்டோடு கொடுக்கச் சரியாகிவிட்டது.

அம்மம்மா என்னிடம் தனியாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "அப்ப பாக்குச் சாறு வலிப்புக்கு மருந்தோ பிள்ளை?" இதை இன்னும் யாராவது யோசிக்கக்கூடும் என்பதால் பதிலை இங்கே எழுதிவைக்கிறேன். இல்லை. பாக்கிலிருந்து வருகிற அந்தக் காபாத் தடுப்பான் மூளைக்குள் நுழையத் தெரியாத மூலக்கூறு. வாலைக் கட்டி மாற்றிய பிறகுதான் அது மருந்தானது. பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் திட்டமாக எழுதியிருக்கிறது. அம்மம்மாவின் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. பல் வைத்தியருக்குத் துண்டு எழுதுவித்து அனுப்பினேன். வெற்றிலையை முழுதாக விடவில்லை, புகையிலையை விட்டுவிட்டார்.

சித்தப்பா லண்டனிலிருந்து தொலைபேசியில் அழுதார். அவருக்கு நான் சொன்னது: நீங்கள் பார்த்துச் சொல்லியிருக்காவிட்டால் இந்தப் பிள்ளை இன்னும் பராக்குப் பார்க்கிறவளாகவே இருந்திருப்பாள். உங்கள் மருந்து உங்களுக்குச் சரி, நிறுத்தவேண்டாம். மிச்ச அட்டைகளைத் தாய் கொண்டுவந்து தந்தார், எண்ணிப் பதிந்து அழிப்பதற்கு ஒதுக்கினேன்.

மூன்றாம் மாதக் கிளினிக்கில் வைத்தியர் மீண்டும் மூன்று நிமிடம் மூச்செடுக்கச் சொன்னார். பிள்ளை கடதாசிக் காற்றாடியை ஊதிக்கொண்டே இருந்தாள், ஒன்றும் நிற்கவில்லை. தாய் புதுக் கொப்பியையும் கொண்டுவந்திருந்தார். ஒரு பந்தியில் ஒரு சொல் விடுபட்டிருந்தது. வைத்தியர் அதைக் கவனமாகப் பார்த்து, அன்றைய திகதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அன்று காலையில் மருந்து கொடுக்க மறந்துபோனதாகத் தாய் சொன்னார். இரண்டு வருடம் வலிப்பில்லாமல் போனால் மருந்தைக் குறைத்துப் பார்ப்பதாகத் திட்டம். அடுத்த கிளினிக் மாசியில், காலபோக வெட்டு முடிந்த பிறகு.